உயிர் மீண்டது; நினைவும் மீள வேண்டும்

“ஆபத்து நீங்கிவிட்டது, இனிச் சாதாரண வார்டுக்கு மாற்றிவிடலாம்” என்று மருத்துவர் கூறும்பொழுது, அச்சொல் குடும்பத்தாரின் காதில் தேனாகப் பாய்கிறது. மூச்சுக் கருவி அகற்றப்பட்டது, காய்ச்சல் தணிந்தது, நோயாளி கண் விழித்துத் தம் மக்களைப் பார்த்துப் புன்னகை புரிகிறார். நேர்த்திக்கடன் வைத்தவர்கள் கோயிலுக்கு விரைகின்றனர்.

உடல் பிழைத்துவிட்டது. ஆனால், அவருடைய நினைவும் கவனமும் முன்போல் இருக்கின்றனவா? நம்மில் பலர் இக்கேள்வியைக் கேட்பதில்லை. தீவிரச் சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியேறும் நோயாளியின் அறிவாற்றலை ஏன் சோதிக்க வேண்டும், எவ்வாறு சோதிக்கின்றனர், அதில் குடும்பத்தாரின் பங்கு என்ன என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓர் எடுத்துக்காட்டு

சிலாங்கூரில் ஓர் இரப்பர்த் தோட்டத்தில் இருபது ஆண்டுகளாகப் பால்மரம் வெட்டிவரும் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சல் அவரைத் தாக்கியது. சிறுநீரகமும் நுரையீரலும் பழுதுபட, தலைநகரின் மருத்துவமனை ஒன்றில் பன்னிரண்டு நாள் தீவிரச் சிகிச்சை பெற்றார். பின்னர் உடல் தேறி, செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் மகளின் இல்லத்தில் சில வாரம் தங்கினார்.

அங்கேதான் வேறுபாடு தெரியத் தொடங்கியது. “மாலை மருந்து சாப்பிட்டேனா?” என்று ஒரே மணி நேரத்தில் நான்கு முறை கேட்டார். “இப்பொழுதுதானே கொடுத்தேன், அப்பா” என்று மகள் கூறினாள். கீழே கடைக்கு ரொட்டி வாங்கச் சென்றவர் வெறுங்கையுடன் திரும்பினார். எதற்காகச் சென்றோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. “ஆளே மாறிப் போய்விட்டார்” என்று மனைவி கண் கலங்கினார். “காற்றுக் கருப்பு ஏதேனும் பட்டிருக்கும், அக்கா, பூசாரியிடம் அழைத்துச் செல்லுங்கள்” என்றார் அண்டை வீட்டுப் பெண்மணி.

தோட்டத்துக்குத் திரும்பிய பிறகு நிலைமை மேலும் கடினமாயிற்று. வெட்ட வேண்டிய நிரைகளுள் ஒன்றை விட்டுவிட்டார். வெட்டிய மரத்துக்கே மீண்டும் சென்று நின்றார். உளி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் விழுந்தது. கங்காணி கடிந்துகொண்டார். சோம்பல் என்றனர் சிலர். குடிப்பழக்கம் என்றனர் வேறு சிலர். அவரோ ஒன்றும் பேசவில்லை. தமக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்ற அச்சம் அவர் நெஞ்சில் இருந்தது. அதை வெளியே சொன்னால் வேலை போய்விடுமோ என்ற அச்சமும் இருந்தது.

இவர் சோம்பேறியும் அல்லர், பைத்தியமும் அல்லர். கடும் நோயின் பின்விளைவு ஒன்று இவரிடம் தங்கிவிட்டது. அதற்குப் பெயர் உண்டு. அதனை அளக்கும் முறையும் உண்டு. அதற்கு உதவியும் உண்டு.

தீவிரச் சிகிச்சை தோன்றிய வரலாறு

1952ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகரமாகிய கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாத நோய் கொடுமையாகப் பரவியது. மூச்சு விடும் தசைகள் செயலிழந்தமையால் பலர் மாண்டனர். அப்பொழுது பியோர்ன் இப்சன் என்னும் மயக்க மருந்து மருத்துவர், நோயாளியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, பையை அழுத்திக் காற்றுச் செலுத்தும் முறையைக் கையாண்டார். மருத்துவ மாணவர்கள் நூற்றுக்கணக்கில் முறை வைத்து, இரவும் பகலும் தம் கைகளால் அப்பையை அழுத்திக்கொண்டே இருந்தனர். எண்ணற்ற உயிர்கள் பிழைத்தன. கடும் நோயாளிகளை ஓரிடத்தில் வைத்து இடையறாது கவனிக்கும் பிரிவு அதிலிருந்து பிறந்தது.

நம் நாட்டில் 1968ஆம் ஆண்டில் முதல் தீவிரச் சிகிச்சைப் பிரிவு அமைந்தது. இன்று பெரிய மருத்துவமனைகளில் இப்பிரிவு இன்றியமையாத ஒன்றாகிவிட்டது. செந்தூலுக்கு அருகே ஜாலான் பகாங்கில் உள்ள கோலாலம்பூர் மருத்துவமனையை அறியாத தோட்டத்துக் குடும்பம் அரிது. கோவிட் பெருந்தொற்றின்பொழுது, 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், நாடு முழுவதும் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளில் இருந்தனர்.

மருத்துவம் வளர வளரப் பிழைப்போர் தொகையும் வளர்ந்தது. ஆகவே, ‘எத்தனை பேர் பிழைத்தனர்?’ என்பதோடு நில்லாது, ‘பிழைத்தவர்கள் எப்படி வாழ்கின்றனர்?’ என்றும் மருத்துவ உலகம் வினவத் தொடங்கியது. தசைத் தளர்ச்சி, மனச் சோர்வு, அறிவாற்றல் குறைவு ஆகிய மூன்றும் பலரிடம் நீடிப்பதை அறிந்த வல்லுநர்கள், இவற்றை ஒன்றாக இணைத்து ‘தீவிரச் சிகிச்சைக்குப் பிந்திய கூட்டு நோய்க்குறி’ என்று பெயரிட்டனர். இப்பெயர் 2012ஆம் ஆண்டில் மருத்துவ ஏட்டில் வெளிவந்து நிலைபெற்றது.

மூளைக்கு நேர்வது என்ன?

அறிவாற்றல் என்பது படிப்பறிவு மட்டுமன்று. நினைவில் வைத்தல், கவனம் செலுத்துதல், கணக்கிடுதல், திட்டமிடுதல், சொல்ல நினைத்ததைச் சொல்லுதல், காலத்தையும் இடத்தையும் உணர்தல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். பள்ளிக்கூடமே செல்லாத தொழிலாளியும் நாள்தோறும் இவற்றைப் பயன்படுத்துகிறார்.

பால்வெட்டு வேலையையே பாருங்கள். ஐந்நூறு, அறுநூறு மரங்களை வரிசை தவறாது வெட்ட வேண்டும். எந்தப் பகுதி இன்று, எந்தப் பகுதி நாளை என்பதை மறத்தலாகாது. பட்டையைச் சீவும்பொழுது உள்ளே உள்ள வளர்படலத்துக்கு முன்பாக ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும். வானம் இருண்டால் வெட்டுவதா, நிறுத்துவதா என்று முடிவு செய்ய வேண்டும். இவை யாவும் கையின் வேலை மட்டுமல்ல, மூளையின் வேலையுமாகும்.

கடும் நோயில் மூளை பல வகையால் தாக்கப்படுகிறது. இரத்தத்தில் உயிர்வாயு குறையலாம். இரத்த அழுத்தம் வீழ்ந்து மூளைக்குச் செல்லும் குருதி குன்றலாம். கிருமித் தொற்றினால் உடலெங்கும் உண்டாகும் அழற்சி மூளையையும் எட்டலாம். சர்க்கரை அளவு மிகத் தாழலாம். உயிர்காக்கும் கருவிகளைப் பொறுத்துக்கொள்ளும்பொருட்டுக் கொடுக்கப்படும் சில மயக்க மருந்துகளும் குழப்பத்தை மிகுவிக்கலாம். கருவிகளின் ஒலியும் அணையா விளக்குகளும் உறக்கத்தைக் கெடுக்க, நோயாளிக்கு இரவு எது, பகல் எது என்பதே தெரியாமற்போகும்.

இதனால் உண்டாகும் திடீர்க் குழப்ப நிலையை மருத்துவர்கள் ‘டிலீரியம்’ என்பர். சிலர் குழாய்களைப் பிடுங்கி எறிவர், கத்துவர், இல்லாதவற்றைக் காண்பர். இது எவர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் வேறு சிலர் அசைவின்றி, அழைத்தால் மட்டும் கண் திறந்து, மந்தமாகக் கிடப்பர். ‘அமைதியாக உறங்குகிறார்’ என்று நாம் எண்ணுவோம். இதுவும் டிலீரியமே. எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடுவது இந்த அமைதியான வகைதான்.

ஆராய்ச்சி கூறும் உண்மை

அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலுள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தீவிரச் சிகிச்சை பெற்ற 821 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, 2013ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். மருத்துவமனையில் இருந்தபொழுது அவர்களுள் நூற்றுக்கு 74 பேருக்கு டிலீரியம் ஏற்பட்டது. பிழைத்து மூன்று மாதங்கள் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களுள் நூற்றுக்கு 40 பேரின் அறிவாற்றல், தலையில் நடுத்தர அளவில் அடிபட்டவர்களின் நிலையை ஒத்திருந்தது. நூற்றுக்கு 26 பேரின் நிலை, அல்சைமர் என்னும் மறதி நோயின் தொடக்க நிலையைப் போன்றிருந்தது. ஓராண்டுக்குப் பின்னும் இவ்வெண்கள் முறையே 34, 24 என்ற அளவில் நின்றன.

இவ்வாய்விலிருந்து நாம் மனத்திற் கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, இக்குறை முதியோருக்கு மட்டும் உரியதன்று. வயது குறைந்தோரிடமும் காணப்பட்டது. இரண்டாவது, டிலீரியம் எத்தனை நாள் நீடித்ததோ, அதற்கேற்பப் பின்னாளில் அறிவாற்றல் குறையும் மிகுந்திருந்தது. எனவே, ‘மருத்துவமனையில் சற்று உளறினார், அவ்வளவுதான்’ என்று அதனை அலட்சியம் செய்தலாகாது. எத்தனை நாள் குழம்பியிருந்தார் என்பதைக் குடும்பத்தார் குறித்து வைத்துக்கொண்டு, பின்னர்ப் பார்க்கும் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்.

எவ்வாறு சோதிக்கின்றனர்?

சோதனை இரண்டு கட்டமாக நடைபெறுகிறது.

முதற்கட்டம் படுக்கையருகே நடப்பது. டிலீரியம் இருக்கிறதா, இல்லையா என்று அறிவதற்கு 2001ஆம் ஆண்டில் ஒரு முறை வகுக்கப்பட்டது. தொண்டையில் குழாய் இருந்து பேச முடியாதவரையும் இம்முறையால் சோதிக்கலாம் என்பது இதன் சிறப்பு. நிலை திடீரென்று மாறியதா, கவனம் நிற்கிறதா, விழிப்பு நிலை சரியாக உள்ளதா, சிந்தனை ஒழுங்காக உள்ளதா என்னும் நான்கையும் செவிலியர் பார்ப்பர். பத்து எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, குறிப்பிட்ட ஓர் எழுத்தைக் கேட்கும்பொழுது மட்டும் தம் கையை அழுத்துமாறு கூறுவர். இரண்டுக்கு மேற்பட்ட பிழைகள் நேர்ந்தால் கவனம் நிலைகொள்ளவில்லை என்று பொருள். பிறகு, கல் நீரில் மிதக்குமா என்பது போன்ற எளிய கேள்விகள் சிலவற்றைக் கேட்பர். தலையசைத்து விடை கூறலாம்.

இரண்டாம் கட்டம், குழப்பம் தெளிந்த பின் நடப்பது. இதற்குப் பெரிதும் பயன்படுவது 2005ஆம் ஆண்டில் கனடாவில் வெளியிடப்பட்ட ‘மோக்கா’ என்னும் சோதனை. ஏறக்குறைய பத்து நிமிடத்தில் முடியும். மொத்தம் 30 புள்ளிகள். 26 அல்லது அதற்கு மேல் பெறுவது பொதுவாகச் சரியான நிலை எனக் கொள்ளப்படுகிறது. கடிகார முகத்தை வரைந்து ஒரு நேரத்தைக் காட்டுதல், படத்திலுள்ள விலங்குகளின் பெயர் கூறுதல், எண்களை முன்னும் பின்னுமாகச் சொல்லுதல், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்தல், இன்றைய நாளையும் இருக்கும் இடத்தையும் கூறுதல் ஆகியவை இதில் அடங்கும்.

நினைவைச் சோதிக்கும் பகுதி எப்படிப்பட்டது என்பதைத் தோட்டத்துச் சொற்களைக் கொண்டே விளக்கலாம். உளி, வாளி, கோயில், மழை, சிவப்பு என்று ஐந்து சொற்களை ஒருவரிடம் கூறி, அவற்றைத் திரும்பச் சொல்லச் செய்கிறோம். பின்பு வேறு வேலைகளைக் கொடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து அச்சொற்களைக் கேட்கிறோம். உடனே சொன்னவர் பிறகு சொல்ல இயலாது தவித்தால், கேட்டது காதில் விழுந்தது, ஆனால் உள்ளே தங்கவில்லை என்று அறிகிறோம். கடைக்குச் சென்று வெறுங்கையுடன் திரும்பியவரின் துன்பம் இதுவே.

தீவிரச் சிகிச்சைப் பிரிவை விட்டு வெளியேறும் நாளில் செய்யும் சோதனையே இறுதி முடிவாகாது. மருந்தின் மயக்கமும் உறக்கமின்மையும் அன்று இன்னும் நீங்கியிரா. ஆகவே, சோதனையைப் பல முறை செய்தல் வேண்டும். உலகத் தீவிரச் சிகிச்சை வல்லுநர்கள் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரை, மருத்துவமனையை விட்டு வீடு திரும்பிய இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் நோயாளியைச் சோதித்து, பின்னரும் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்கிறது. புள்ளிகள் முறைக்கு முறை உயர்ந்தால் மகிழலாம்; உயராவிடின் உதவி தேட வேண்டும்.

இது பள்ளித் தேர்வு அன்று

சோதனை என்றதும் நம் தொழிலாளர் பலர் கூசுகின்றனர். ‘நான் படிக்காதவன்; என்னை ஏன் கேட்கிறீர்கள்?’ என்று வாயை மூடிக்கொள்வோர் உண்டு. இதில் தேர்ச்சியும் இல்லை; தோல்வியும் இல்லை. இரத்த அழுத்தத்தை அளப்பது போன்றதே இதுவும். குறைந்த புள்ளி பெற்றால் அது நோயாளியின் குற்றமன்று. மருத்துவருக்குக் கிடைத்த செய்தி.

எனினும், சோதனை நியாயமாக நடைபெறச் சில நிபந்தனைகள் உள்ளன. குடும்பத்தார் இவற்றைத் தயங்காது எடுத்துரைத்தல் வேண்டும்.

முதலாவது, மொழி. தமிழில் சிந்திப்பவரை அவருக்குச் சரிவரப் புரியாத மொழியில் வினவினால், அளக்கப்படுவது நினைவாற்றல் அன்று, மொழியறிவே. மோக்கா சோதனைக்குத் தமிழ் வடிவம் உண்டு. தமிழறிந்தவரின் துணையைக் கேட்டுப் பெறலாம்.

இரண்டாவது, கல்வி. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் படிக்காதவர்க்கு ஒரு புள்ளி கூட்டிக் கொடுப்பது வழக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கென்றே எளிய மோக்கா வடிவம் ஒன்றும் 2015ஆம் ஆண்டில் வெளிவந்துள்ளது. ஆகவே, எத்தனையாவது வகுப்பு வரை படித்தார் என்பதை முதலிலேயே கூறிவிட வேண்டும். பென்சிலைப் பிடித்தே பழகாத கை கடிகாரம் வரையத் தடுமாறுவது நோயின் அடையாளமாகாது.

மூன்றாவது, கண்ணும் காதும். மூக்குக் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் வீட்டில் மறந்து வைத்துவிட்டுச் சோதனைக்குச் செல்லலாகாது.

நான்காவது, குடும்பத்தாரின் சாட்சி. நோய்க்கு முன் அவர் எப்படி இருந்தார் என்பதை மருத்துவர் அறியார். மனைவியும் மக்களுமே அறிவர். ‘சம்பளக் கணக்கைத் தாமே சரிபார்ப்பார், இப்பொழுது முடியவில்லை’ என்பது போன்ற தெளிவான செய்தி பெரிதும் உதவும். ஆனால் சோதனை நடக்கும்பொழுது, அருகிலிருந்து விடையை எடுத்துக் கொடுத்தலாகாது. அன்பினால் செய்யும் அவ்வுதவி, உண்மையை மறைத்துவிடும்.

வீட்டில் செய்யத்தக்கவை

இழந்த ஆற்றல் பலரிடம் மாதக்கணக்கில் சிறிது சிறிதாகத் திரும்புகிறது. சிலரிடம் ஒரு பகுதி திரும்பாமலும் போகலாம். எவ்வாறாயினும், நாள் ஒழுங்கு பெருந்துணை புரியும்.

ஒன்று: கண்ணில் படும் இடத்தில் நாட்காட்டியும் கடிகாரமும் இருக்கட்டும். காலையில் இன்று என்ன கிழமை, என்ன வேலை என்று பேசிக்கொள்ளுங்கள். மருந்து உட்கொண்டவுடன் நாட்காட்டியில் ஒரு கோடு இடச் செய்யுங்கள்.

இரண்டு: இரவு உறக்கம் கெடாது பார்த்துக்கொள்ளுங்கள். பகலில் வெளிச்சத்தில் அமரவும், நாளுக்கு நாள் சற்றுக் கூடுதலாக நடக்கவும் ஊக்குவியுங்கள்.

மூன்று: மதுவை அறவே விலக்குங்கள். மருத்துவர் கொடுக்காத தூக்க மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுக்கலாகாது.

நான்கு: மருத்துவமனையில் நடந்தவற்றைத் தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஸ்காண்டிநேவிய நாடுகளில் செவிலியர் தொடங்கிய நல்வழக்கம் இது. தம்மைக் கட்டிவைத்துத் துன்புறுத்தினர் என்பது போன்ற பொய்யான நினைவுகள் சிலரை வாட்டும். ‘அன்று மூச்சுக் குழாயைப் பிடுங்காதிருக்கக் கையைப் பிடித்துக்கொண்டோம்’ என்ற குறிப்பைப் படித்துக் காட்டினால் அச்சம் தெளியும்.

ஐந்து: பிள்ளைகளின் முன்னிலையில் கேலி செய்யாதீர்கள். நூறு முறை கேட்டாலும் நூற்றோராம் முறையும் பொறுமையுடன் விடை கூறுங்கள்.

தேறிவந்தவர் மீண்டும் திடீரெனக் குழம்பினாலோ, காய்ச்சலுடன் உளறினாலோ, எழுப்பினாலும் மந்தமாகக் கிடந்தாலோ, அதைப் பழைய குறையென்று எண்ணிக் காத்திருத்தல் ஆகாது. புதிய தொற்றின் அறிகுறியாக அது இருக்கலாம். உடனே 999 எண்ணில் அழைத்தோ, கிடைத்த வாகனத்திலோ மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

வேலைக்குத் திரும்புதல்

வேலைக்குத் திரும்பும் அவசரம் நமக்குப் புரிகிறது. வெட்டாத நாளுக்குக் கூலி குறைகிறது. அடுப்பு எரிய வேண்டுமே! ஆயினும், விடியுமுன் இருட்டில், கூரிய உளியோடு, சறுக்கும் மேட்டில் செய்யும் வேலை இது. மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கும், களைக்கொல்லி மருந்து கலப்பதற்கும் அளவும் கவனமும் தேவை. எனவே, எந்த வேலையை எப்பொழுது தொடங்கலாம் என்று மருத்துவரைக் கேட்டு, அவர் கருத்தை எழுத்தில் பெற்றுக்கொள்ளல் நன்று. முதலில் குறைந்த மரங்கள், துணைக்கு ஒருவர், பிறகு முழு நிரை என்று படிப்படியாகத் திரும்பலாம். கங்காணிமாரும் நிருவாகத்தினரும் இதனைச் சலுகை என்று கருதாது, தேர்ந்த ஒரு பால்வெட்டுத் தொழிலாளியைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி என்று கருதுவார்களாக.

1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ச் சந்தா செலுத்திவரும் தொழிலாளர்கள் சொக்சோ அலுவலகத்தை அணுகி, தங்களுக்குரிய உதவிகளைக் கேட்டறியலாம். நோயுற்றோரும் காயமுற்றோரும் மீண்டும் வேலைக்குத் திரும்பத் துணைபுரியும் திட்டத்தைச் சொக்சோ 2007ஆம் ஆண்டில் தொடங்கியது. மலாக்காவில் அதன் மறுவாழ்வு மையம் 2014ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மருத்துவச் சான்றுகளையும் சோதனை முடிவுகளையும் பத்திரமாக வைத்திருப்பது இவ்வுதவிகளைப் பெறுவதற்கு அடிப்படையாகும். ‘மறதி இருக்கிறது’ என்று வாயால் சொல்வதைவிட, அளந்து எழுதிய ஒரு தாள் வலிமை வாய்ந்தது.

முடிவாக

நம் எடுத்துக்காட்டுத் தொழிலாளியை மீண்டும் நினைத்துப் பார்ப்போம். செந்தூலில் மகள் வீட்டில் இருந்தபொழுதே, பூசாரியைத் தேடியதோடு நில்லாமல் அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்துக்கும் அவரை அழைத்துச் சென்று, “அப்பா தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்தவர், இப்பொழுது நினைவு தடுமாறுகிறது, சோதித்துப் பாருங்கள்” என்று மகள் கூறியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அவருடைய துன்பத்துக்கு ஒரு பெயர் கிடைத்திருக்கும். கங்காணிக்குக் காட்ட ஒரு கடிதம் கிடைத்திருக்கும். ‘எனக்குப் பைத்தியம் இல்லை’ என்ற நிம்மதியும் அவருக்குக் கிடைத்திருக்கும்.

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்குப் பெரும்படிப்புத் தேவையில்லை. தீவிரச் சிகிச்சையிலிருந்து திரும்பிய ஒருவர் உங்கள் வீட்டிலோ உங்கள் தோட்டத்திலோ இருப்பின், அவரிடம் ‘உடம்பு எப்படி இருக்கிறது?’ என்று கேட்டதோடு நின்றுவிடாதீர்கள். ‘நினைவு எப்படி இருக்கிறது?’ என்றும் அன்போடு கேளுங்கள்.